உதவி: கிளேயில் சிக்குது, வாத்துக்கு வெறும் 'டிக்'. எந்த செமி ஆட்டோ ஷாட்கன் துப்பாக்கி நாள்பட உழைக்கும்?

சதுப்புக்காரன்:
ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன். நாலு வருஷமாக 12 கேஜ் இனர்ஷியா செமி ஆட்டோ ஒன்று கையில் (கம்பெனி பெயர் வேண்டாமே). சனிக்கிழமை தவறாமல் கிளே (பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடுவது), நாலு ரவுண்டு, 100 தோட்டா. செப்டம்பரில் புறா, அப்புறம் அனஹுவாக் சதுப்பில் வாத்து.

பிரச்சினை இரண்டு. இந்த வருஷம் கிளேயில் காலித் தோட்டா பாதி வெளியே வந்து மாட்டிக்கொள்கிறது. போன சீசனில் விடியற்காலை, வாத்து தலைக்கு மேலே, விசையை அழுத்தினால் 'டிக்'. அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த மச்சான் இன்னும் சிரிக்கிறான். விற்றுவிட்டு 1,500 டாலருக்குள் வேறு வாங்கலாமென்று இருக்கிறேன். எது?

கரிமருந்து:
தம்பி, வாங்குவது இருக்கட்டும். கிளேக்கு என்ன தோட்டா போடுகிறாய்? துப்பாக்கியில் புதிதாக ஏதாவது மாட்டினாயா?

சதுப்புக்காரன்:
தோள் வலிக்குதென்று லேசான தோட்டா, உள்ளே குண்டு ⅞ அவுன்ஸ், 24 கிராம். ஆமாண்ணா, பக்கவாட்டில் ஆறு தோட்டா செருகும் பட்டை ஒன்று மாட்டினேன்.

கரிமருந்து:
அங்கேதான் வினை. இனர்ஷியா துப்பாக்கி ஓடுவதே அது பின்னால் உதைப்பதால்தான். துப்பாக்கி உடம்பு பின்னால் போகும், போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) நின்ற இடத்தில் நிற்கும், நடுவில் ஸ்ப்ரிங் அழுந்தும். அது விரிந்து போல்டைப் பின்னால் தள்ளினால்தான் காலித் தோட்டா வெளியே போகும். ஆறு தோட்டாவோடு கால் கிலோவுக்கு மேல் எடை ஏற்றிவிட்டாய், குண்டின் எடையையும் குறைத்துவிட்டாய். உதை எங்கிருந்து வரும்?

அந்த 'டிக்' வேறு கதை. சத்தம் வரக்கூடாதென்று போல்டை கையால் மெதுவாக விட்டிருப்பாய். அதன் தலை முழுசாகத் திரும்பிப் பூட்டாது. பிடித்துக்கொண்டே விடாதே, கைப்பிடியை இழுத்து அப்படியே விட்டுவிடு. 'டிக்' கேட்டதும் அவசரப்பட்டுத் திறக்காதே. குழலைப் பாதுகாப்பான பக்கம் நீட்டி அரை நிமிஷம் பொறு.

வயல்வெளி:
அண்ணன் சொன்னது சரி. ஆனாலும் புதிது வாங்கும் ஆசையில் நியாயம் இருக்கிறது. கணக்குப் பாருங்கள்: வாரம் 100 என்றால் வருஷம் 5,000 தோட்டா. வாத்துக்கு 200 சுட்டாலே அதிகம். துப்பாக்கி தேய்வது கிளேயில்தான். அதற்கு கேஸ் வகை, அதாவது வெடிப்பில் வரும் வாயு பிஸ்டனைத் தள்ளி ஓடுவது. உதையும் குறைவு, லேசான தோட்டாவும் ஓடும்.

என் ஓட்டு பெரெட்டா ஏ300 அல்டிமா. 3 அங்குல சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) போதும். 3½ அங்குலம் வாங்கினால் லேசான தோட்டாவில் முரண்டு பிடிக்க வாய்ப்பு அதிகம். அதைவிட எனக்குப் பிடித்தது, போல்டைத் திருப்பித் தள்ளும் ஸ்ப்ரிங் முன்னால், தோட்டா அடுக்கும் மேகசின் குழாயைச் சுற்றி இருக்கிறது. பெனெல்லி எம்2, ரெமிங்டன் 1100 இரண்டிலும் அது தோளில் வைக்கும் பின்கட்டைக்குள். உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கினால் கட்டையைக் கழற்றாமல் துரு தெரியாது.

கேஸ் வகையில் வேலை உண்டு. 400, 500 தோட்டாவுக்கு ஒருமுறை பிஸ்டனில் ஏறும் கரியைச் சுரண்டணும். எண்ணெயைக் கொட்டாதீர்கள், கரியோடு சேர்ந்து களியாகிவிடும்.

வாத்துக்கு ஈயம் கூடாது என்பது தெரிந்திருக்கும், 1991 முதல் நாடு முழுக்கத் தடை. பெரிய எஃகுக் குண்டை ஃபுல் சோக்கில் (குழல் வாயை ரொம்பக் குறுக்குவது) போடாதீர்கள், அதைவிடக் குறைவாகக் குறுக்கும் மாடிஃபைடு போதும். புறாவுக்கும் வாத்துக்கும் உள்ளே மொத்தம் மூன்று தோட்டாதான். கிளேக்காக, அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் மேகசின் பிளக்கைக் கழற்றினால் திரும்பப் போட மறக்காதீர்கள்.

சதுப்புக்காரன்:
பட்டையைக் கழற்றிவிட்டு இன்று போனேன். 1 அவுன்ஸ் 50 தோட்டா, ஒன்றுகூட சிக்கவில்லை. 24 கிராமில் இரண்டு முறை சிக்கியது. பழசை வாத்துக்கு வைத்துக்கொண்டு கிளேக்கு ஏ300 பார்க்கிறேன். மச்சானிடம் போல்ட் விஷயத்தைச் சொல்லவில்லை, அவனும் மெதுவாகத்தான் விடுகிறான்.

கரிமருந்து:
சொல்லிடுப்பா. அவன் பக்கத்தில் உட்காரப்போவது நீதான்.