ஹெலன் கெல்லருக்கு மார்க் ட்வைன் எழுதிய கடிதம்: ஆறுதலா, காப்பியடிப்பதற்கு வக்காலத்தா?

மணிமுத்தாறு:
யாராவது கதையைக் காப்பியடித்து மாட்டிக்கொண்டால் போதும், 1903-ல் ஹெலன் கெல்லருக்கு அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் எழுதிய கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், மனிதர்கள் சொல்வதெல்லாம் அடுத்தவரிடம் எடுத்ததுதான் என்று அவரே சொல்லிவிட்டாராம். நிஜமாகவே அதற்காகத்தான் எழுதினாரா?

கரிசல்காடு:
பின்னணியை விட்டுவிட்டுப் படித்தால் அப்படித்தான் இருக்கும். ஹெலன் 11 வயதில் ஒரு பனிக்காலக் கதை எழுதி, பாஸ்டன் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியின் இயக்குநர் அனாக்னோஸுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்புகிறார். அவர் பூரித்துப்போய் அச்சில் போட, மார்கரெட் கேன்பி என்ற எழுத்தாளர் முன்பே எழுதிய கதையோடு அது ஒத்துப்போவது தெரிந்துவிடுகிறது. சில வருஷம் முன்னால் அந்தக் கதையை யாரோ ஹெலனின் உள்ளங்கையில் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறார்கள். கதை மனதில் தங்கிவிட்டது, கேட்ட ஞாபகம் தங்கவில்லை. பள்ளியில் விசாரணைக் குழு போட்டு, ஆசிரியை ஆன் சலிவனை வெளியே அனுப்பிவிட்டு, கண்ணும் தெரியாத காதும் கேட்காத அந்தப் பிள்ளையைக் குடைந்து குடைந்து கேட்டார்கள். இதை ஹெலனின் சுயசரிதையில் படித்துவிட்டுத்தான் ட்வைன் கொதித்துப்போய் எழுதினார், ராத்திரி திட்டித் தீர்த்ததில் தூக்கமே வரவில்லையாம். விசாரித்தவர்களைக் கழுதைகள் என்கிறார், கறித்துண்டு திருடியதாக ஒரு பூனைக்குட்டியைப் பிடித்துத் திருத்தக் கிளம்பிய கிழட்டுக் கொள்ளைக்காரர்கள் என்கிறார்.

வடக்குவாசல்:
கோபம் நியாயம்தான், வாதம் எனக்கு ஒட்டவில்லை. தந்தியையும் நீராவி எஞ்சினையும் கண்டுபிடிக்க ஆயிரம் பேர் வேண்டும், பெயர் கடைசி ஆளுக்குப் போகிறது என்கிறார், சரி, அது கருத்துக்குப் பொருந்தும், கதையே ஒத்துப்போவதற்கு எப்படிப் பொருந்தும்? அதோடு இதே மனிதர் 1906-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் நின்று காப்புரிமைக் காலத்தை நீட்டச் சொல்லி வாதாடியவர். காப்பியடித்தவர்கள் இவரைத் துணைக்கு அழைப்பது நல்ல வேடிக்கை.

கரிசல்காடு:
அதை வாதமாக எடுத்துக்கொண்டால் ஓட்டைதான், நண்பர் ஒருவரின் பக்கம் நின்று போட்ட சண்டையாகத்தான் நான் படிக்கிறேன். விசாரணை முடிந்து 11 வருஷம் ஆகிவிட்டது, ஹெலன் ராட்கிளிஃப் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறார் (அந்தப் படிப்புக்குப் பணக்கார நண்பரின் மனைவிக்கு உதவி கேட்டு எழுதியதும் ட்வைன்தான்), இனி 'கவலைப்படாதே' என்று சொல்லி என்ன ஆகப்போகிறது? அதற்குப் பதில் தன் கதையைச் சொல்கிறார். 1866-ல் ஹவாயில் இருந்தபோது அமெரிக்கக் கவிஞர் ஹோம்ஸின் கவிதைகளைப் படித்திருக்கிறார், பிறகு அந்தப் புத்தகத்தின் சமர்ப்பண வரியையே தன்னை அறியாமல் எடுத்துத் தன் பயணநூலுக்குப் போட்டுவிட்டார். ஹோம்ஸும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

மணிமுத்தாறு:
கேன்பி என்ன சொன்னாராம்?

வடக்குவாசல்:
அவர் ஹெலனுக்கு அன்பாகத்தான் எழுதினார், ஒருநாள் நீயே சொந்தமாகப் பெரிய கதை எழுதுவாய், அது பலருக்கு ஆறுதலாக இருக்கும் என்று. அந்த வாக்குப் பலிக்கவில்லை, அதற்கப்புறம் சும்மா விளையாட்டுக்காக நான் எழுதியதே இல்லை என்று ஹெலன் சுயசரிதையில் சொல்கிறார். ட்வைனுக்குத் தூக்கம் போனது இந்த இடத்தைப் படித்துத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.