பாலை மரம்: தோட்டத்துக்கா, காட்டுக்கா?

மானாவாரி எழுதியது:
கோடியக்கரைக் காட்டில் தானாக வளரும் பாலையைப் பழப்பயிராக்க வேண்டும் என்பது என் கருத்து. வறட்சியிலும் பச்சை மாறாது, உப்புக்காற்றைத் தாங்கும், யாரும் தண்ணீர் ஊற்றாமலே கோடையில் மஞ்சள் மஞ்சளாகப் பழுக்கும். விதைக்கன்று காய்க்கப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகலாம் என்பதால்தான் யாரும் நடுவதில்லை. நல்ல தாய்மரத்திலிருந்து குச்சி எடுத்து ஒட்டுக்கட்டினால் காத்திருப்பு நன்றாகக் குறையும். குஜராத்தில் வேஜல்பூர் ஆராய்ச்சி நிலையம் ‘தார் ரிதுராஜ்’ என்று ஒரு ரகமே வெளியிட்டுவிட்டது. மரம் பிழைக்க வேண்டுமென்றால் அதனால் நாலு பேருக்கு வருமானம் வர வேண்டும்.

காட்டுவழி எழுதியது:
அந்த வருமானத்தை நினைத்தால்தான் எனக்குப் பயம். சந்தை இன்று சூடுபிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தோட்டம் காய்க்கும்வரை பழம் எங்கிருந்து வரும்? காட்டிலிருந்துதான். பழம் சிறிசு, ஒவ்வொன்றாகப் பறிக்க யாருக்கும் பொறுமை இருக்காது, கிளையோடு ஒடிப்பார்கள். 1967 முதல் சரணாலயமாக இருக்கும் அந்தக் காடு 2018 கஜா புயலில் பட்ட அடி சாதாரணமா? சீமைக்கருவேலம் வேறு பரவிக்கொண்டிருக்கிறது. பறவையும் குரங்கும் தின்று விதை போட்டால்தான் அங்கே அடுத்த தலைமுறைப் பாலை.

இன்னொன்று, ஒரே தாய்மரத்து ஒட்டை ஆயிரம் ஏக்கரில் நட்டாலும் மரபணுக் கணக்கில் அது ஒரே மரம்தான். அதைப் பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள்.

ஒட்டுக்கட்டு எழுதியது:
நாற்றங்கால் வேலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பாலை தோட்டத்துக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது, மண்ணுக்கு அடியில். ஒட்டுச் சப்போட்டாவுக்கு வேர்ச்செடி பெரும்பாலும் பாலைதான். நர்சரிகளில் ‘பாலா நாற்று’ என்று கேட்டால் தெரியும். இரண்டும் ஒரே குடும்பம், அதனால் ஒட்டு சேர்கிறது. வறட்சி தாங்கும் வேர் பாலையுடையது, பழம் சப்போட்டாவுடையது. ஒட்டுக்குக் கீழே பாலை துளிர்த்தால் நாமே கிள்ளி எறிகிறோம்.

அந்த நாற்றுக்கான விதை தானாக வளர்ந்த மரங்களிலிருந்து வருகிறது. மெதுவாக வளரும் கன்று, ஒட்டுக்கட்டும் கனத்துக்கு வரவே இரண்டு ஆண்டு வரை ஆகும். எந்த மரத்து விதை, அது இனிப்பா, நிறையக் காய்க்குமா என்று யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் வேர் மட்டும் போதும். ஆக, காட்டிலிருந்து எடுப்பது புதிதாகத் தொடங்கப்போவதில்லை, ஏற்கெனவே நடக்கிறது. திருப்பிக் கொடுப்பதுதான் நடக்கவில்லை.

எனக்குப் பட்டது இதுதான்: பல இடத்து மரங்களின் விதையைக் கலந்து, புறம்போக்கிலும் கோயில்காட்டு ஓரத்திலும் விதைத்தோப்பு போட வேண்டும். நர்சரிக்கு விதை அங்கிருந்து போகட்டும். அந்தத் தோப்பிலேயே நல்ல மரம் எது என்று பார்த்து, அதிலிருந்து ஒட்டு எடுக்கலாம்.

மானாவாரி எழுதியது:
பல தாய்மரம் வேண்டும் என்பது சரி. ஆனால் பத்து வருடம் காய்க்காத தோப்புக்கு வேலி போடுவது யார், ஆடு மாடு விரட்டுவது யார்? பழம் ஓரிரு நாளில் புளித்துவிடும், பால் உதட்டில் ஒட்டும். உலர்த்தி விற்க வழி செய்தால்கூட விவசாயிக்கு ஒட்டுக்கன்றின் வேகம் வேண்டும். தோப்பு வளரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் நிலத்தை மனைபோட்டு விற்றுவிடுவான்.

காட்டுவழி எழுதியது:
குச்சி எங்கிருந்து எடுப்பீர்கள்? சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் ஒரு கிளையைத் தொட்டாலும் 1972 வன உயிரினச் சட்டம் குறுக்கே வரும், வரவும் வேண்டும். வெளியே கோயில்காடுகளில் பழைய மரங்கள் இருக்கின்றன, ஊராரைக் கேட்டு அங்கே எடுங்கள். விதைத்தோப்பு முதலில், ஒட்டு ரகம் பிறகு. இந்த வரிசை மாறினால் நான் எதிர்ப்பேன்.

மானாவாரி எழுதியது:
வரிசை எதற்கு? ஒரே வேலிக்குள் இரண்டையும் வைக்கலாம். நடுவில் நாலைந்து தாய்மரங்களின் ஒட்டுக்கன்று, சுற்றிலும் வரப்பில் கலப்பு விதைக்கன்று. ஒட்டில் வரும் காசு வரப்பில் நிற்பதற்கும் காவல் போடும்.

ஒட்டுக்கட்டு எழுதியது:
அப்படியானால் நடும் அன்றே ஒவ்வொரு கன்றும் எந்த மரத்து வாரிசு என்று எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத தோப்பிலிருந்து நான் விதை வாங்க மாட்டேன்.