ஃபிட் அண்ட் ஃப்ளேர் ஃபிராக் வாங்கினேன், என் இடுப்பைக் காணோம்

சுண்டைக்காய்:

அக்காமார்களே, தையல் தெரிந்தவர்களே, கொஞ்சம் வழி சொல்லுங்கள். கல்லூரித் தோழிக்குக் கொச்சியில் சர்ச் கல்யாணம், இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. எங்கள் செட் மொத்தமும் ஃபிராக் போடுவதாக முடிவாகிவிட்டது. எனக்குச் சுடிதார், புடவை தவிர வேறெதுவும் பழக்கமில்லை, அதனால் இரண்டு ராத்திரி கண்விழித்து மொபைலில் தேடி, மேலே உடம்போடு ஒட்டி இடுப்பிலிருந்து குடை மாதிரி விரியும் ஃபிட் அண்ட் ஃப்ளேர் ஒன்றை ஆர்டர் போட்டேன். எந்த உடம்புக்கும் எடுப்பாக இருக்கும் என்று பார்த்த இடத்திலெல்லாம் இதைத்தான் சொல்கிறார்கள்.

நேற்று வந்தது. போட்டுப் பார்த்தால் அரிசி மூட்டைக்கு நடுவில் சணல் கட்டின மாதிரி இருக்கிறது. மாடல் பெண்ணுக்கு அழகாக விரிந்த பாவாடை எனக்கு வயிற்றின் மேல் உட்கார்ந்து அங்கிருந்து தொங்குகிறது. தங்கை பார்த்துவிட்டு "எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள்.

உயரம் 5 அடி 1 இஞ்ச். மார்பு 36, இடுப்பு 32, சீட் (பின்புறத்தின் பருமனான இடத்துச் சுற்று) 40. துணி ரேயான், குட்டைக் கை, நீளம் ஆடுசதை நடுவில் வந்து நிற்கிறது. திருப்பி அனுப்ப நான்கு நாள் அவகாசம். ஒரு சைஸ் சின்னதாக வாங்கினால் சரியாகுமா, இல்லை என் உடம்புக்கே இது ஆகாதா? மேலே ஒரு ஷால் போட்டுக்கொண்டால் ஒன்றும் தெரியாது என்கிறார் அம்மா.

ஊசிமுனை:

தங்கச்சி, ஈரோட்டில் பதினெட்டு வருஷமாகத் தைக்கிறேன். சின்ன சைஸ் வாங்கிவிடாதே, மார்பில் இழுக்கும், கைக்குழி அறுக்கும், இடுப்பு மட்டும் அதே இடத்தில்தான் நிற்கும்.

நம்மிடம் இடுப்பு எங்கே என்று கேட்டால் உள்பாவாடை நாடா கட்டும் இடத்தைக் காட்டுவோம். தொப்புளுக்குக் கீழே. புடவைக்கு அது சரி. ஃபிராக்கின் இடுப்பு அதுவல்ல, விலா எலும்பு முடிந்து உடம்பு ஒடுங்கும் இடம். கண்டுபிடிக்க ஒரு நாடாவை வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் இரண்டு முறை வளைந்து பார், உடம்பு மடிகிற இடத்துக்கு நாடா தானாகப் போய் நின்றுவிடும். பலருக்குத் தொப்புளுக்கு ஒரு இஞ்ச், இரண்டு இஞ்ச் மேலே. தோள்பட்டைத் தையலில் இருந்து மார்பின் மேலாக அந்த நாடா வரைக்கும் டேப் வைத்து ஒரு அளவு எடு. பிறகு ஃபிராக்கைத் தரையில் விரித்து, தோளில் இருந்து பாவாடை சேரும் தையல் வரை அதே மாதிரி எடு. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எழுது, அப்புறம் பேசுவோம். 32 என்கிறாயே, அது எந்த இடத்து 32 என்பதையும் பார்த்துவிடு.

பாவாடையை வயிற்றின் பருமனான இடத்தில் இருந்து விரியவிட்டால் யாருக்கும் மசக்கைக்காரி தோற்றம்தான் வரும், ஒல்லியான பெண்ணுக்கும் கூட. அளவெடுக்கும்போது கல்யாணத்தன்று போடப்போகும் அதே உள்ளாடையோடு எடு.

குள்ளவாத்து:

நான் 4 அடி 11. உங்கள் கஷ்டம் முழுக்கப் புரிகிறது. ஊசிமுனை அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு, அதோடு இரண்டு விஷயம்.

நீளம். காலில் பருமனான இடத்தில் ஓரம் முடிந்தால் கண் அங்கேயே நின்றுவிடும், கால் இன்னும் குட்டையாகத் தெரியும். முட்டிக்குச் சற்றுக் கீழே கால் ஒடுங்கும் இடத்தில் முடியட்டும், இல்லையென்றால் ஒரேயடியாகக் கணுக்கால் வரை போய்விடுங்கள். ஆடுசதை நடுவில் நிற்பது நம் உயரத்துக்கு ஆகவே ஆகாது (நெட்டையாக இருக்கும் என் நாத்தனாருக்கு அதே நீளம் பிரமாதமாக இருக்கிறது, என்ன செய்ய). அப்புறம் கை. குட்டைக் கை மார்பின் பருமனான இடத்துக்கு நேராக வெட்டி நின்றால் அந்த இடத்தில் ஒரு படுக்கைக் கோடு விழுந்து இன்னும் அகலமாகக் காட்டும். முழங்கை வரைக்கும் இறக்கினால் கை இடுப்புக்குப் பக்கத்தில் முடியும். சர்ச்சுக்கும் அதுதான் மரியாதை.

செருப்பு உங்கள் தோல் நிறத்தை ஒட்டியதாக, கணுக்காலில் வார் இல்லாமல் பாருங்கள். அந்த வார் ஒன்று இருந்தால் போதும், காலை இரண்டு துண்டாக்கிவிடும். பெல்ட் போடுவதென்றால் மெல்லியதாக, இடுப்புத் தையலின் மேலேயே.

ஷாலுக்கு என் ஓட்டு கிடையாது. காசு கொடுத்து இடுப்பு வாங்கிவிட்டு அதன் மேல் திரை போடுவானேன்! குளிருக்கோ அம்மாவுக்கோ வேண்டும் என்றால் இடுப்போடு முடியும் குட்டி ஜாக்கெட் போடுங்கள்.

நத்தைவேகம்:

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கல்யாண கவுன் கடைகளில் ஃபிட் அண்ட் ஃப்ளேர் என்றால் வேறு பொருள், சீட்டைத் தாண்டித் தொடை வரை ஒட்டி வந்து அதன் கீழேதான் விரியும். நாம் பேசுவது அதுவல்ல. ஏ-லைன் என்று வருவதும் வேறு, அதில் பலவற்றில் இடுப்பில் வெட்டே இருக்காது, மேலிருந்தே மெல்ல அகன்றுகொண்டு போகும். நான் தெரியாமல் ஏ-லைன் வாங்கிவிட்டு வீட்டில் நைட்டியாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த உருவத்தைப் பாரிஸில் 1947 பிப்ரவரியில் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் தன் முதல் தொகுப்பில் கொண்டுவந்தார். மலரின் இதழ் வட்டத்தை வைத்து அதற்குக் கோரோல் என்று பெயர். நியூ லுக் என்ற பெயர் பத்திரிகை ஆசிரியர் கார்மெல் ஸ்நோ சொன்னதில் இருந்து ஒட்டிக்கொண்டது. பிரிட்டனில் 1949 வரை துணிக்கு ரேஷன் இருந்த காலம், ஒரு பாவாடைக்கு இத்தனை மீட்டரா என்று திட்டும் வாங்கினார். அவருடைய 'பார்' என்று பெயரிட்ட ஜாக்கெட்டில் இடுப்புக்குக் கீழே உள்ளே பஞ்சு வைத்துப் புடைக்க வைத்திருப்பார்கள். அதாவது இடுப்பு சின்னதாகத் தெரிய அதன் கீழே வேண்டுமென்றே பெரிதாக்கினார்கள். சீட் 40 உள்ள உங்களுக்கு அந்தப் பஞ்சு இலவசமாகவே கிடைத்திருக்கிறது, அதை மறைக்க நினைக்காமல் இடுப்பைச் சரியான இடத்தில் பிடியுங்கள்.

சுண்டைக்காய்:

நத்தைவேகம், இலவசப் பஞ்சு என்பதைத் தங்கையிடம் படித்துக் காட்டினேன் 😄

அக்கா, நாடா கட்டிப் பார்த்தேன். தோளில் இருந்து என் இடுப்பு 15 இஞ்ச். ஃபிராக்கில் 17½. ஆக 2½ இஞ்ச் கீழே இருக்கிறது! 32 நாடா நின்ற இடத்து அளவுதான். பாவாடை கட்டும் இடத்தில் எடுத்தால் 36 வருகிறது, இதை ஏன் இத்தனை வருஷம் யாரும் சொல்லவில்லை?

இப்போது இரண்டு யோசனை. ஒன்று, இதையே ஆல்டர் செய்வது. இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிட்டு, பீரோவில் கட்டாமலே கிடக்கும் மதுரைச் சுங்குடிப் புடவையில் தைப்பது. அரக்கு நிறம், இரண்டு பக்கமும் கரை, 5½ மீட்டர். கரை கீழே ஓரத்தில் வருகிற மாதிரி ஃபுல் அம்ப்ரெல்லா கட் தைக்க முடியுமா?

கணக்குடீச்சர்:

அம்ப்ரெல்லாவில் கரை வராதும்மா. கரை நேர்கோடு, அம்ப்ரெல்லாவின் ஓரம் வட்டம், எப்படிச் சேரும்? வட்டமாக வெட்டிய பிறகு கரையைத் தனியாக வைத்துத் தைத்தால் வளைவில் சுருங்கும்.

மகளுக்குத் தைக்கும்போது நான் போடும் கணக்கைச் சொல்கிறேன். முழு வட்டத்துக்கு இடுப்புச் சுற்றை 6.28ஆல் வகுத்தால் நடுத்துளையின் ஆரம் வரும். உங்கள் 32க்கு 5.1 இஞ்ச். பாவாடை நீளம் 25 என்றால் மொத்த ஆரம் 30, கீழ் ஓரத்தின் சுற்று 189 இஞ்ச், கிட்டத்தட்ட 4.8 மீட்டர்! அரை வட்டம் என்றால் 3.14ஆல் வகுக்க வேண்டும், துளை ஆரம் 10.2, கீழ்ச் சுற்று 110 இஞ்ச் அளவில் நிற்கும். 44 இஞ்ச் பன்னா (அகலம்) உள்ள துணியில் முழு வட்டத்தின் பாவாடைக்கே மூன்று மீட்டருக்கு மேல் போகும், அரை வட்டத்துக்கு இரண்டு மீட்டர் போதும்.

5 அடி 1க்கு முட்டியளவு பாவாடையில் 189 இஞ்ச் எதற்கு? என் கருத்தில் அரை வட்டம் போதும். இடுப்பு, சீட் இரண்டிலும் வழுவழுவென்று இறங்கிக் கீழே மட்டும் அலையும். கோடு போட்ட துணியையும் கட்டத்தையும் வட்டமாக வெட்டாதீர்கள், முன்னால் நேராக நிற்கும் கோடு பக்கத்தில் சாய்ந்து, தையலில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். சுங்குடிப் புள்ளிக்கு அந்தத் தொல்லை அவ்வளவு தெரியாது.

குள்ளவாத்து:

டீச்சரோடு இதில் நான் மல்லுக்கு நிற்பேன். முழு வட்டம் நடக்கும்போது ஆடுகிற ஆட்டம் அரை வட்டத்தில் வராது. குள்ளமாக இருப்பவர்கள் எல்லாவற்றையும் அடக்கியே போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. துணி லேசாக இருந்தால் போதும். ஒன்று மட்டும், உள்ளே ஷார்ட்ஸ் போடாமல் கொச்சிக் கடற்கரைக் காற்றில் போய் நிற்காதீர்கள், நான் நின்றிருக்கிறேன்.

ஊசிமுனை:

சண்டை வேண்டாம், துணிதான் தீர்மானிக்கும். ஜார்ஜெட், கிரேப் என்றால் முழு வட்டமும் விழுந்து தொங்கும். காட்டனில் முழு வட்டம் நிஜமாகவே குடையாக நிற்கும், கேன்-கேன் (உள்ளே வைக்கும் விறைப்பான வலைத்துணி) வைக்காமலே. ரேயான் போகப் போக இறங்கும். வட்டமாக வெட்டினால் துணியின் சில இடம் நேர் இழையிலும் சில இடம் சாய்வு இழையிலும் இருக்கும், சாய்வில் இருப்பது தன் பாரத்திலேயே நீளும். அதனால் பாவாடையைச் சேர்த்துவிட்டு ஒரு ராத்திரி ஹேங்கரில் தொங்கவிட்டு, மறுநாள் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லி, தரையில் இருந்து ஸ்கேல் வைத்துச் சமமாகக் குறித்து, அதன் பிறகுதான் ஓரம் மடிக்க வேண்டும். அவசரத்தில் அன்றைக்கே மடித்துக் கொடுத்துவிட்டு, நான்கு நாளில் ஒரு பக்கம் வால் நீண்டுவிட்டது என்று வாடிக்கையாளர் வந்து நின்ற கதை என்னிடமும் உண்டு.

இனி உன் விஷயம். ஆல்டர் செய்யலாம். பாவாடையைப் பிரித்து, மேல் பகுதியின் அடியில் 2½ இஞ்ச் வெட்டி, திரும்பச் சேர்க்க வேண்டும். வெட்டிய இடத்தில் மேல் பகுதி அகலமாக இருக்கும், அதனால் டார்ட்டை (உடம்பு வளைவுக்காக உள்ளே பிடித்துத் தைத்த மடிப்பை) ஆழப்படுத்த வேண்டும். ஜிப்பையும் கழற்றித்தான் மாட்ட வேண்டும். ஒரு லாபம், மொத்த நீளமும் 2½ இஞ்ச் ஏறிவிடும், ஆடுசதையில் நிற்கிற ஓரம் முட்டிக்கு அருகே வந்துவிடும். மேல் பகுதி குட்டையாக இருந்து நெஞ்சுக்கடியில் தையல் ஏறி நிற்பவர்களுக்கு இதற்கு எதிர் வைத்தியம், நடுவில் இரண்டு இஞ்ச் பட்டி வைத்துத் தைப்பது. ஆனால் தோள் இறங்கியிருந்தால் ஆல்டருக்கு ஆசைப்படாதே, அது பாதி ஃபிராக்கைப் பிரிக்கிற வேலை.

என்னைக் கேட்டால் சுங்குடிதான். கரை வேண்டுமென்றால் பாவாடையை நேர் துணியாக எடுத்து பாக்ஸ் ப்ளீட் (பெட்டி மடிப்பு) வை. இடுப்பைப் போல் மூன்று மடங்கு துணி, 96 இஞ்ச், இரண்டரை மீட்டர். சுருக்கு வைக்காதே, இடுப்பில் துணி குவிந்து மறுபடி மூட்டையாகிவிடும். ப்ளீட்டை அழுத்தி இஸ்திரி போட்டு, இரண்டு இஞ்ச் கீழே வரைக்கும் மிஷின் ஓட்டி அடக்கினால் வயிற்றில் தட்டையாக இறங்கி, அதன் கீழே விரியும். பாவாடைக்கு எடுத்தது போக மேலே 18, 19 இஞ்ச் அகலத்தில் இன்னொரு கரையோடு ஒரு துண்டு மிஞ்சுமே, அதில் முழங்கை வரைக்கும் கை வைத்துக்கொள். மேல் பகுதிக்கு பிரின்சஸ் கட் (மார்பின் மேலாக இடுப்பு வரை இறங்கும் நீளத் தையல்), காட்டன் லைனிங், கழுத்து முன்னால் லேசான வி. பக்கத் தையலில் உள்ளே ஒரு இஞ்ச் விட்டு வைக்கச் சொல்.

வெட்டுவதற்கு முன்னால் புடவையை ஒரு ராத்திரி கல் உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயப் போடு. சாயம் போகிறதா என்று தெரியும், சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும். லைனிங் துணியையும் நனை, ஆனால் தனி வாளியில்.

சுண்டைக்காய்:

முடிவு செய்து ஃபிராக்கைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சுங்குடி நனைந்து காய்ந்து (முதல் தண்ணீர் சிவப்பாக வந்து வயிற்றைக் கலக்கியது, இரண்டாவது தெளிந்துவிட்டது) நம் தெரு முனை தையல் அக்காவிடம் கொடுத்து, இன்று ட்ரையலும் முடிந்தது. அளவெடுக்கும்போது அவர் வழக்கம்போல டேப்பைப் பாவாடை நாடாவுக்கு நேராக வைத்தார், நான் வீட்டில் இருந்தே கயிறு கட்டிக்கொண்டு போயிருந்தேன், இதன் மேலே வையுங்கள் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். ட்ரையலில் கண்ணாடி முன்னால் நின்றதும் அவரே "ஏன், இது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

கை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறது, உள்தையலில் விட்டதைப் பிரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். செருப்பு பழைய பழுப்பு நிறக் கோலாப்புரி. ஜிமிக்கி போடுவதா, சின்னத் தோடா என்று இன்னும் முடிவாகவில்லை. அம்மா அதே அரக்கில் மேட்சிங் ஷால் ஒன்று வாங்கி வந்து மேஜை மேல் வைத்திருக்கிறார், நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

குள்ளவாத்து:

ஜிமிக்கி. ஷாலை ரயிலில் ஏசிக்குப் போர்த்திக்கொள்ள என்று சொல்லிப் பையில் வையுங்கள்.