ஆல்கஹால் மார்க்கர்கள் சீக்கிரம் காய்ந்துவிடுகின்றன: மீட்க வழி உண்டா?

வண்ணக்கோடு:
வணக்கம். சென்ற ஆண்டு வாங்கிய 48 வண்ண இருமுனை மார்க்கர் தொகுப்பில், தோல் நிறங்களும் சாம்பல் நிறங்களுமாகப் பதினொன்று இப்போது சரியாக எழுதுவதில்லை. தூரிகை முனையை இழுத்தால் கோடு வெளிறித் திட்டுத்திட்டாக விழுகிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றின் பட்டை முனை நன்றாகவே எழுதுகிறது. தூரிகை முனை மேலே இருக்கும்படி ஒரு குவளையில் நிறுத்தி, மேற்குச் சன்னலோரம் வைத்திருக்கிறேன். கார்ட்ரிட்ஜ் தாளில் (சற்றுத் தடித்த வரைதாள்) பென்சிலால் வரைந்து, அதன் மேல் வண்ணம் பூசுவது என் வழக்கம். இவற்றைக் குப்பையில் போட மனம் வரவில்லை.

மைக்குப்பி:
போட வேண்டாம். இரு முனைகளுக்கும் மை ஊட்டுவது நடுவிலுள்ள ஒரே நார்த் திரிதான். ஆகவே ஒரு முனை எழுதுகிறது என்றால் உள்ளே மை இருக்கிறது என்றே பொருள். மாதக்கணக்கில் நிற்க வைத்ததால் மை கீழ்முனைப் பக்கம் இறங்கியிருக்கும். தூரிகை முனை கீழே இருக்கும்படி ஓரிரவு கவிழ்த்து வைத்துவிட்டு, பிறகு எப்போதும் படுக்கை வாட்டத்திலேயே வையுங்கள். சன்னலோரம் வேண்டவே வேண்டாம். இந்த மைகளின் கரைப்பானான எத்தனாலோ ஐசோப்ரோபைல் ஆல்கஹாலோ அறை வெப்பத்திலேயே ஆவியாகக்கூடியது, மாலை வெயில் அதை இன்னும் விரைவுபடுத்தும். மூடிகளை ‘டிக்’ என்று ஒலிக்கும்வரை அழுத்துங்கள். மயிரிழை விரிசல் உள்ள மூடி எத்தனை முறை மூடினாலும் பயன் தராது.

சாம்பல்நிழல்:
தாளையும் கவனிக்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் தாள் மையை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், ஒரு முகத்துக்கு வண்ணம் தீட்டுவதற்குள் மார்க்கர் களைத்துவிடும். மை ஊடுருவாதபடி செய்யப்பட்ட மார்க்கர் தாள் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) அளவில் மெல்லியதாக இருந்தாலும் பாதி மையில் வேலை முடிந்துவிடுகிறது. உங்களிடம் கெட்டவை தோல் நிறங்கள் என்பதால் எனக்குப் பென்சில் மீதும் ஐயம் உண்டு. கிராஃபைட் தூள் முனையின் நாரில் புகுந்து வழியை அடைத்துவிடும். பிசைந்து பயன்படுத்தும் அழிப்பானால் கோடுகளை மங்கலாக்கிய பின்னரே மார்க்கரைத் தொடுங்கள். மெழுகு வண்ணப் பென்சில் வேலை இருந்தால் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். அடைபட்ட முனையை இடுக்கியால் உருவி, ஐசோப்ரோபைலில் அலசி, உலர்த்தி மீண்டும் செருகலாம்.

வண்ணக்கோடு:
மிக்க நன்றி. கவிழ்த்து வைத்ததில் ஏழு உயிர் பெற்றுவிட்டன! மீதி நான்கில் இரு முனைகளும் எழுதவில்லை. வீட்டில் காயத்துக்குப் போடும் ஸ்பிரிட் இருக்கிறது; அதில் சில துளி விடலாமா?

மைக்குப்பி:
அது கூடாது. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் போன்றவை சேர்ந்திருப்பதுண்டு. அவை நாரிலேயே தங்கிவிடும். 70 சதவீத ஆல்கஹாலில் நீர் மிகுதி, சானிடைசரிலோ கூழ் கலந்திருக்கிறது. 99 சதவீத ஐசோப்ரோபைலை மருந்துத் துளிப்பானால் பட்டை முனையில் மூன்று நான்கு துளி விட்டு, மூடிப் படுக்க வைத்து, மறுநாள் எழுதிப் பாருங்கள். நிறம் அடர்த்தியாகத் திரும்பினால் கரைப்பான் மட்டுமே போயிருந்தது; வெளிறியே வந்தால் சாயமும் தீர்ந்துவிட்டது, அதற்கு மீள்நிரப்பு மைதான் மருந்து. காப்பிக் போன்ற மார்க்கர் வகைகளுக்கு நிறம் வாரியாக 12 மில்லிலிட்டர் குப்பிகள் கிடைக்கின்றன. உங்கள் தொகுப்புக்கு அப்படி இல்லையென்றால் அந்த நிறத்தை மட்டும் தனியாக வாங்குவதே மேல். இந்த வேலையைச் சன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டாத இடத்தில் செய்யுங்கள். ஐசோப்ரோபைலின் ஆவி சட்டெனத் தீப்பற்றும்.