வெளிநாட்டு அடுப்பில் நோன்புக் கச்சாயம்: புதிதாகப் போனவர்களுக்கு

ஐப்பசி பிறந்தால் போதும், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து புதிதாக வெளிநாடு போன பிள்ளைகள் எனக்கு அனுப்பும் கேள்வி ஒன்றேதான்: "அக்கா, கச்சாயம் எண்ணெயில் போட்டதும் பிரிஞ்சு போகுது, என்ன பண்றது?" நான் ஒன்பது வருஷம் அமெரிக்காவில், மின்னசோட்டா குளிரில் இருந்துவிட்டு இப்போது தர்மபுரிக்கே திரும்பிவிட்டேன். அங்கே முதல் இரண்டு தீபாவளிக்கு என் கச்சாயமும் ஒழுங்காக வரவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு: கச்சாயம் என்றால் அதிரசம்தான். கன்னடத்தில் கஜ்ஜாயம் என்பார்கள். எங்கள் பக்கம் தீபாவளிக்கு லட்டு, மைசூர்பாகு எல்லாம் கடையில் வாங்கிக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் எங்கள் வீட்டைப் போல கேதார கௌரி நோன்பு எடுக்கும் வீடுகளில் கச்சாயத்தை மட்டும் கையால்தான் சுட வேண்டும். எல்லாம் 21 கணக்கு. 21 கச்சாயம், 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 இழையில் நோன்புக் கயிறு.

அதனால் முதல் வருஷமே ஐந்து பலகாரம் என்று இறங்காதீர்கள். கச்சாயம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்பே ஒரு ஆழாக்கு அரிசியில் ஒரு தடவை சுட்டுப் பாருங்கள். சாமிக்குப் படைக்கும் மாவில் ருசி பார்க்கக் கூடாது என்பதால் தப்பு செய்வதற்கும் தின்று பார்ப்பதற்கும் அந்த ஒரு நாள்தான் உங்களுக்கு வாய்க்கும்.

இன்னொன்று, நோன்பு அமாவாசையில் வருவது. இந்தியக் காலண்டரில் போட்டிருக்கும் தேதி உங்கள் ஊர் நேரத்துக்கு ஒரு நாள் முன்னதாக விழலாம். அங்கே இருக்கும் கோயிலில் கேட்டு முடிவு செய்துகொண்டு, அதற்கு மூன்று நாள் முன்பே மாவு பிடியுங்கள்.

இனி அரிசி. இந்தியக் கடையில் இட்லி அரிசி என்று இருப்பது புழுங்கல், அது ஆகாது. பச்சரிசி என்று எழுதியதையே வாங்குங்கள். பொன்னி, சோனா மசூரி எதுவானாலும் பச்சரிசியாக இருந்தால் சரி. 400 கிராம் அரிசிக்கு 300 கிராம் வெல்லம் போட்டால் சின்ன எலுமிச்சை அளவில் இருபத்தைந்து கச்சாயத்துக்குக் குறையாது. 21 சாமிக்கு, மிச்சம் நமக்கு.

இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, துணியில் நிழலில் உலர்த்த வேண்டும். நான் முதல் வருஷம் சறுக்கினது இந்த இடத்தில்தான். "அரை மணி நேரம் காயவை" என்று அம்மா சொன்னதைக் கடிகாரம் பார்த்துச் செய்தேன். தர்மபுரியில் ஐப்பசி மழைக்காற்றில் அரை மணி சரி. ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று எலும்பு மாதிரி வறண்டு கிடக்கும். அரை மணியில் அரிசி பழையபடி கடைச் சரக்காகவே ஆகிவிட்டது. மாவு வறண்டால் பாகு எத்தனை நன்றாக இருந்தாலும் கச்சாயம் விறைத்துப் போகும். நேரத்தை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். அரிசியைப் பிடித்தால் விரலில் ஈரம் தெரியவேண்டும், தண்ணீர் ஒட்டக்கூடாது. அரைத்துச் சலித்த மாவை இறுக்கிப் பிடித்தால் கொழுக்கட்டை போல் நிற்கவேண்டும், தட்டினால் உதிரவேண்டும்.

அரைக்க மிக்ஸி வேண்டுமே! அமெரிக்கா, கனடா போகிறவர்கள் இங்கிருந்து மிக்ஸி தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் மிக்ஸி 230 வோல்ட்டுக்குச் செய்தது. அங்கேயே, 110 வோல்ட் என்று போட்டு விற்கும் மிக்ஸி வாங்குங்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் என்றால் பிளக் மாற்றினால் போதும். மிக்ஸியே இல்லாதவர்களுக்கு ஒரு வழி: கொரியன் கடைகளில் ஃப்ரீசரில் ஈர அரிசி மாவு வைத்திருப்பார்கள், அவர்களும் அரிசியை ஊறவைத்து இடித்துத்தான் பலகாரம் செய்கிறார்கள். உப்பு சேர்த்ததும் உண்டு, பார்த்து வாங்குங்கள். பாக்கெட்டில் வரும் காய்ந்த மாவு வேண்டாம். தாய்லாந்து மாவில் பச்சை எழுத்துப் பாக்கெட் ஒட்டும் அரிசி மாவு, அதைத் தொடவே தொடாதீர்கள்.

வெல்லத்துக்கு நான் பாலக்கோட்டு வெல்லம் தேடி அலைந்ததுதான் மிச்சம். பளீரென்று மஞ்சளாக இருப்பது வெளுப்பதற்கு மருந்து போட்டது, பாகு சரியாக வராது. கறுத்த வெல்லமாக எடுங்கள். இந்தியக் கடை தூரமா? மெக்சிகன் கடையில் பிலோன்சியோ என்று கூம்பு கூம்பாக ஒன்று விற்கும். அதுவும் கரும்புச்சாற்றைக் காய்ச்சி அச்சில் ஊற்றியதுதான், நம் அச்சுவெல்லத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. எதுவானாலும் அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டிவிட்டுத்தான் பாகு காய்ச்சவேண்டும், மண் இருக்கும்.

பாகுதான் கச்சாயத்தின் உயிர். என் அக்கா மகள் ஜெர்மனிக்குப் போய் முதல் தீபாவளி. அங்கே சாயங்காலம், இங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு வீடியோவில் கூப்பிட்டாள். காரிமங்கலத்து வீட்டில் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"கிட்டக் காட்டுடி" என்றாள் அம்மா. திரை முழுக்க ஆவி.

"ஒண்ணும் தெரியல. தண்ணியில ஒரு சொட்டு விட்டு விரலால கூட்டிப் பாரு."

"கரையுது ஆயா."

"இன்னும் ஆகல."

கொஞ்சம் பொறுத்து, "ஆயா, இப்ப உருளுது!"

"எறக்கு, எறக்கு!"

அவள் சுவிட்சை அணைத்துவிட்டு ஏலக்காய் டப்பாவைத் தேடினாள். இறக்கவில்லை. காஸ் அடுப்பில் அணைத்தாலே இறக்கினது போலத்தான். அவள் வீட்டில் இருப்பது போன்ற கண்ணாடி மேல்தட்டு மின்சார அடுப்பு அணைத்த பிறகும் கொதிக்கக் கொதிக்கச் சூடாகவே இருக்கும். அவள் ஏலக்காயோடு வருவதற்குள் பாகு கடலை மிட்டாய்ப் பதத்துக்குப் போய்விட்டது. தண்ணீரில் விட்டால் டங் என்று சத்தம். அம்மா பூண்டைக் கீழே வைத்துவிட்டு, "சரி, கடலை இருந்தா வறுத்துக் கொட்டி உருட்டிடு. கச்சாயத்துக்கு வேற வெல்லம் வை" என்றாள். அன்றைக்கு அவள் வீட்டில் கடலை உருண்டையும் ஆயிற்று.

ஆகவே மின்சார அடுப்புக்காரர்கள் சட்டியைத் தூக்கி வேறு இடத்தில் வையுங்கள். ஏலக்காய், சுக்கு, மாவு எல்லாம் முன்னாலேயே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பதம் பிடிபடாதவர்கள் மிட்டாய்த் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 115 டிகிரி செல்சியஸ் வந்தால் இறக்கலாம். அம்மா இதைக் கேட்டால் சிரிப்பாள், ஆனால் எனக்கு மூன்றாம் வருஷம் கைகொடுத்தது அதுதான். இண்டக்ஷன் அடுப்பில் ஊரிலிருந்து கொண்டுபோன அலுமினியச் சட்டி சூடாகாது, அடி தட்டையான இரும்புச் சட்டி வேண்டும்.

மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறுங்கள், ஒரு கைப்பிடி மாவைக் கடைசிவரை போடாமல் வையுங்கள். சூட்டில் தளர்வாகத் தெரியும், ஆறினால் தானே இறுகும். அதைப் பார்த்துப் பயந்து எல்லா மாவையும் கொட்டினால் மறுநாள் கல். மேலே ஒரு ஸ்பூன் நெய் தடவி, துணி கட்டி இரண்டு நாள் வெளியிலேயே வையுங்கள், ஃப்ரிட்ஜில் வேண்டாம்.

சுடும்போது முதலில் ஒன்றே ஒன்று போட்டுப் பாருங்கள். பிரிந்தால் பாகு இளசு, அந்த ஒரு கைப்பிடி மாவைச் சேர்த்துப் பிசையுங்கள். விறைத்தால் பால் தெளித்துப் பிசையுங்கள். வாழை இலைக்குப் பதில் பார்ச்மென்ட் தாளில் எண்ணெய் தடவித் தட்டலாம். மிதமான தீயில், ஒவ்வொன்றாக. எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தி எண்ணெயைப் பிழியவேண்டும்.

ஏர் ஃப்ரையரில் போடலாமா என்று கேட்ட தம்பிக்கு: வேண்டாம் சாமி.

அபார்ட்மென்டில் புகை அலாரம் அடிக்கும் என்று அதன்மேல் டேப் ஒட்டாதீர்கள், சன்னலைத் திறந்து வைத்துச் சுடுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்து மூடியைப் போட்டு மூடுங்கள். மீந்த எண்ணெயைச் சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆறவைத்து பாட்டிலில் ஊற்றி மூடிக் குப்பையில் போடுங்கள். ஆபீஸுக்குக் கொண்டுபோனால், மாவில் எள் சேர்த்திருந்தால் அதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அமெரிக்காவில் 2023 முதல் எள்ளும் பாக்கெட்டில் கட்டாயம் குறிப்பிடவேண்டிய ஒவ்வாமைப் பொருள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதானால் கடலை எண்ணெயையும் தவிர்த்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்து, அப்புறமும் வராமல் போனால்? என் இரண்டாம் வருஷம் அப்படித்தான் ஆயிற்று. மாவு எண்ணெயில் நிற்கவே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு அதில் கோதுமை மாவும் ஒரு வாழைப்பழமும் பிசைந்து, குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றி 21 பணியாரமாகப் படைத்துவிட்டேன். மறுநாள் அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"எண்ணிக்கை சரியா இருந்துச்சா?" என்றாள்.

"இருந்துச்சும்மா."

"கயிறு கட்டிக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டு, அங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டதா என்று விசாரிக்கப் போய்விட்டாள்.