புதுப்பிப்பு: எங்கள் ஊர் பாசஞ்சர் மக்களவை வரை போய்விட்டது
கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் ரயில் எங்கள் ஊரில் நிற்பதில்லை, எம்.பி.யிடம் மனு கொடுத்திருக்கிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். அவர் மக்களவையில் எழுப்பிவிட்டார்!

நான் எதிர்பார்த்தது நேரமில்லா நேரம் (ஜீரோ ஹவர்; எம்.பி.க்கள் அவசரப் பிரச்சினைகளை எழுந்து பேசும் நேரம்). கிடைத்தது மக்களவை நடைமுறை விதிகளில் உள்ள விதி 377. முன்னதில் பேசினால் டிவியில் வரும், ஆனால் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. 377-இல் 250 வார்த்தைக்குள் எழுதிக் கொடுப்பது துறைக்குப் போகும், எம்.பி.க்கு எழுத்தில் பதில் வரும். எங்களுடையதை வாசிக்கக்கூட இல்லை, அவையில் வைத்ததோடு சரி. கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆனால் “பூக்கூடையோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள்” என்று நான் மனுவில் எழுதிய வரி அதில் அப்படியே இருந்தது. அம்மாவிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

பதில் இன்னும் வரவில்லை. எம்.பி. அலுவலகத்தில் கேட்டால், “வந்ததும் வாட்ஸ்அப்ல அனுப்புறோம் சார்” என்கிறார்கள்.