சிரோசிஸில் மண்ணீரலை எடுக்கலாமா, விட்டுவிடலாமா?

வானம்பாடி:
அப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். மண்ணீரல் பெருத்து, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 42,000-க்கு இறங்கிவிட்டது. ரத்தக்கசிவு எதுவும் இல்லை. மண்ணீரலை எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு மருத்துவர். வேண்டவே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். பயமாக இருக்கிறது.

கடலோடி:
நான் இரண்டாமவர் பக்கம். நோய் கல்லீரலில் இருக்கிறது. அது இறுகிப்போனதால், குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறி, ரத்தம் தேங்கி மண்ணீரல் வீங்குகிறது. நல்ல மண்ணீரலே மூன்றில் ஒரு பங்கு பிளேட்லெட்டைத் தன்னிடம் வைத்திருக்கும். வீங்கியது 90 சதவீதம் வரைகூடப் பிடித்துவைக்கும். அப்புறம், பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டும் திராம்போபொய்டின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் கல்லீரலில்தான் உருவாகிறது; கல்லீரல் கெட்டால் அதுவும் குறையும். மண்ணீரலை வெட்டினால் அந்தக் குறை தீருமா?

செங்கதிர்:
தீராது. ஆனாலும் எண்ணிக்கை ஏறும், அதுவும் சில நாட்களிலேயே. போர்ட்டல் சிரைக்குள் வரும் ரத்தமும் குறையும். கல்லீரல் புற்றுநோய்க்கு மருந்து கொடுக்க வேண்டும், ஆனால் பிளேட்லெட் விடமாட்டேன் என்கிறது என்றால், அந்த நோயாளியிடம் "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல முடியுமா?

கடலோடி:
ஏறும் அந்த வேகத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை. மண்ணீரலை எடுத்த பிறகு போர்ட்டல் சிரையில் ரத்தம் உறைவது அடிக்கடி நடக்கிறது. உறைந்தால் பின்னாளில் கல்லீரல் மாற்று அறுவையே சிக்கலாகிவிடும். கடுமையான தொற்று வரும் அபாயமும் ஆயுள் முழுக்கத் தொடரும். அதனால்தான் திட்டமிட்ட அறுவை என்றால், குறைந்தது 2 வாரம் முன்பே நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் கிருமிகளுக்கான தடுப்பூசிகளைப் போடச் சொல்கிறார்கள்.

செங்கதிர்:
சரி, முழுதாக எடுக்க வேண்டாம். மண்ணீரலுக்குப் போகும் தமனிக் கிளைகளில் சிலவற்றை மட்டும் அடைக்கும் பகுதி எம்போலைசேஷன் இருக்கிறதே? 50 முதல் 70 சதவீதம் வரை அடைத்தால், மிச்சப் பகுதி நோய் எதிர்ப்பு வேலையைச் செய்யும்.

கடலோடி:
காய்ச்சலும் வலியும் அநேகமாக எல்லோருக்கும் வரும். சிலருக்கு மண்ணீரலில் சீழ் கட்டும். வயிற்றில் நீர் கோத்து, கல்லீரல் மிகவும் தளர்ந்தவருக்கு அது உயிருக்கே ஆபத்து. ஒரு சிகிச்சைக்காகத் தற்காலிகமாக எண்ணிக்கையை ஏற்றத்தான் வேண்டும் என்றால் மாத்திரை உண்டு. அவாட்ரோம்போபாக், லுசுட்ரோம்போபாக் இரண்டுக்கும் அமெரிக்காவில் 2018-இல் அனுமதி கிடைத்தது. அதிலும் உறைவு அபாயத்தைப் பார்க்க வேண்டும். இதே வேலைக்கு எல்ட்ரோம்போபாக்கைச் சோதித்தபோது போர்ட்டல் சிரை உறைவு அதிகமானதால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

செங்கதிர்:
மாத்திரை சில நாள் வேலைக்குத்தான். மாதக்கணக்கில் சிகிச்சை எடுக்க வேண்டியவருக்கு, கல்லீரல் ஓரளவு தாங்குமென்றால், எம்போலைசேஷனை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வானம்பாடி:
அப்பாவுக்குப் புற்றுநோய் இல்லை. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் ரத்தக்குழாய்கள் புடைத்திருப்பது தெரிந்து, பேண்ட் போட, அதாவது அவற்றை ரப்பர் வளையத்தால் கட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

கடலோடி:
அப்படியானால் முதலில் அதைக் கவனியுங்கள். பேண்ட் போடுவதற்காகப் பிளேட்லெட்டை ஏற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. கார்வெடிலால் போன்ற, போர்ட்டல் சிரை அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை ஒத்துவருமா என்றும் கேளுங்கள்.

செங்கதிர்:
உங்கள் அப்பா விஷயத்தில் நானும் அதையேதான் சொல்வேன். மண்ணீரலை எடுக்கச் சொன்னவரிடம் எதற்காக என்று நேரடியாகக் கேளுங்கள். எண்ணிக்கை குறைவு என்பது மட்டும்தான் பதில் என்றால் சம்மதிக்காதீர்கள்.